உதறல் நின்ற வண்டி

பாலனின் கடையில் உண்மை மூன்றாவது பேரத்துக்குப் பிறகுதான் வெளியே வரும். அதற்கு முன்னால் அதை எதிர்பார்ப்பவர் கடைவீதிக்குப் புதியவர்.

முதல் சுற்றில் பாலன் ஒரு விலை சொல்வார். சொல்லும்போது அவருக்கே உள்ளுக்குள் சிரிப்பு வரும். வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதில் பாதி கேட்பார். இரண்டாவது சுற்றில் பாலன் கடை வாடகையை இழுப்பார், ஜி.எஸ்.டி.யை இழுப்பார், மகள் அஷ்வினியின் கல்லூரிக் கட்டணத்தை இழுப்பார். வந்தவர் கோபித்துக்கொண்டு நாலடி நடந்து ஐந்தாவது அடியில் திரும்புவார். அதற்குள் டீ வந்திருக்கும். சண்டை போட்டுச் சமாதானமான பங்காளிகள் மாதிரி இருவரும் டீயை ஊதிக்கொண்டிருக்கும்போது பாலன் சொல்வார்: "நெசத்தச் சொல்லட்டுங்களா? உங்க வண்டிக்கு இது வேண்டாமுங்க. டயர்ல காத்தைக் கொஞ்சம் கொறச்சுப் பாருங்க, போதும்." வந்தவர் சில நாள் ஒன்றுமே வாங்காமல் போவதும் உண்டு. போனவர் அடுத்த மாதம் மைத்துனனையும் கூட்டிக்கொண்டு வருவார்.

இது பாலன் புதிதாகக் கண்டுபிடித்த முறை இல்லை. ராமாபுரத்தில் அவருடைய குடும்பம் பாத்திர வியாபாரம். அப்பா, சித்தப்பா, அத்தை என்று மொத்த வீடும் பேரம் பேசும். அந்த வீட்டில் ஒரு தோசை வேண்டுமென்றால் மூன்று கேட்க வேண்டும். ஒன்றென்று கேட்டவன் பட்டினி. கேட்கிறவன் இழுக்க, கொடுக்கிறவன் இழுக்க, இரண்டு இழுப்புக்கும் நடுவில் நியாயம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஒரு பக்கம் இழுக்கவே இல்லையென்றால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை. அப்படி ஒரு ஆளை அவர்கள் பார்த்ததே இல்லை.

பாலன் பார்த்தார். பெயர் கிங்ஸ்லி.

மைசூரில் பன்னிமண்டபம் போகிற சாலையில் பாலனுக்கு இருபத்திரண்டு வருடமாகக் கடை. பைக்குக்கு மாட்டுகிற எல்லாம் இருக்கும்: சீட் உறை, கண்ணாடி, ஹாரன், கைப்பிடி கிரிப். ஒட்டினாற்போல் அடுத்த கதவு தொட்டையனின் மெக்கானிக் ஷெட். தொட்டையன் ஹனூர்க்காரர், பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டுக்கொண்டே ஆளைக் கவிழ்த்துவிடுவார். ஒரு காலத்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. பாலன் விற்ற ஹாரனைத் தொட்டையன் 'தகரம்' என்று சொல்ல, தொட்டையன் பிரித்த இஞ்சினைப் பாலன் 'அவசியமே இல்லை' என்று சொல்ல, ஆறு மாதம் பேச்சு வார்த்தை கிடையாது. பிறகு ஒரு ஆயுதபூஜை அன்று பொரியும் பூசணிக்காயும் சாட்சியாக உடன்பாடு ஏற்பட்டது. உன் கடையில் நிற்கிற வண்டியைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன், என் ஷெட்டில் நிற்கிற வண்டியைப் பற்றி நீ திறக்காதே. அன்று முதல் இரண்டு பேரும் சௌக்கியம். வண்டிக்காரர்கள் சௌக்கியமா என்பது உடன்பாட்டில் இல்லை.

மார்ச் மாதம், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு பகலில் கிங்ஸ்லி வந்தான். முப்பத்து நாலு வயது இருக்கும். பின் சீட்டில் ஐஸ் பெட்டி ஒன்றைப் பட்டை போட்டுக் கட்டியிருந்தான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்க்கிற வேலை. விடியற்காலை மேட்டகள்ளியில் தொடங்கி, விஜயநகர், குவெம்புநகர் என்று ஊரைச் சுற்றி, பதினோரு மணிக்கு லேபுக்குத் திரும்பும்போது இருபது வீடு முடிந்திருக்கும்.

"அண்ணா, ஹேண்டில் ரொம்ப உதறுது. ரிங் ரோட்ல அறுபதுக்கு மேல போனா கையெல்லாம் ஜிவ்வுங்குது. வண்டிய விட்டு எறங்கினாலும் அஞ்சு நிமிஷம் விரல் மரத்தே கெடக்கு. என்ன பண்ணலாம் அண்ணா?"

பாலன் வண்டியைக் கிளப்பச் சொன்னார். ஒரு உள்ளங்கையை டேங்கில் வைத்தார், குனிந்து பார்த்தார். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற முன்பக்க போல்ட்டைச் சுற்றிச் செம்பொடி மாதிரி துரு உதிர்ந்திருந்தது. போல்ட் தளர்ந்து, உள்ளே அதிர்வைத் தாங்குகிற ரப்பர் புஷ் தேய்ந்து, இஞ்சின் தன் இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டம்தான் ஹேண்டிலுக்கு ஏறுகிறது. ஒரு போல்ட், ஒரு புஷ், தொட்டையனுக்கு ஒரு மணி நேர வேலை.

பாலன் நிமிர்ந்தார். முறைப்படி தொடங்கினார்.

"நல்ல தடிமனான கிரிப் போட்டுட்டா சரியாப் போயிரும் தம்பி. உள்ள ஜெல் வெச்சது. வெளிநாட்டுச் சரக்கு." என்று சொல்லி, சிரிப்பு வருகிற அந்த விலையைச் சொன்னார்.

கிங்ஸ்லி பர்ஸை எடுத்தான். "ஆய்த்து அண்ணா, போட்டுடுங்க."

கன்னடத்தில் 'சரி' என்று சொல்கிற அந்த ஒரு சொல்லில் மொத்த வியாபாரமும் முடிந்துபோனது. பாலனுக்குக் கை ஓடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று தோளைக் கொடுத்தவன், கதவு திறந்தே கிடந்ததால் உள்ளே போய் விழுந்த மாதிரி இருந்தது. இரண்டாவது சுற்றுக்கு வைத்திருந்த வாடகையும் கல்லூரிக் கட்டணமும் தொண்டையிலேயே நின்றன. மூன்றாவது சுற்றுக்கு வைத்திருந்த போல்ட் அதற்கும் பின்னால் நின்றது.

என்ன செய்வது என்று தெரியாமல் அவரே விலையில் இருநூறு ரூபாய் குறைத்தார். வாழ்நாளில் கேட்காமல் குறைத்தது அதுதான் முதல் தடவை.

"தேங்க்ஸ் அண்ணா," என்றான் கிங்ஸ்லி, மனசார.

பக்கத்து ஷெட்டில் தொட்டையன் தரையில் உட்கார்ந்து ஒரு செயினைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் அந்த போல்ட் மேல் ஒரு தடவை போய் வந்ததைப் பாலன் கவனித்தார். தொட்டையன் செயினைக் கழுவினார்.

ஏப்ரல் கடைசியில் கிங்ஸ்லி மறுபடி வந்தான். கிரிப் தடிமனாக இருப்பதால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது, உதறல் அப்படியே இருக்கிறது என்றான். குறை சொல்கிற குரலே இல்லை. டாக்டரிடம் சொல்கிற மாதிரி சொன்னான். இந்தத் தடவையாவது 'என்ன சரக்கு அண்ணா இது' என்று ஒரு வார்த்தை கத்துவான், கத்தினால் சொல்லிவிடலாம் என்று பாலன் காத்திருந்தார். அவன் கத்தவில்லை. ஹேண்டிலின் இரண்டு முனையிலும் மாட்டுகிற எடைக் குண்டைப் பாலன் காட்டினார். "கனம் ஏறினா உதறல் அடங்கிரும் தம்பி."

"ஆய்த்து அண்ணா."

குண்டு ஒரு வேடிக்கை செய்தது. அறுபதில் வந்துகொண்டிருந்த உதறல் அங்கிருந்து இறங்கி நாற்பதுக்கு வந்துவிட்டது. கனம் கூடினால் அப்படித்தான், உதறல் சாகாது, வேறு வேகத்துக்குக் குடி போகும். ரிங் ரோட்டில் தினம் கால் மணி நேரம் இருந்த தொல்லை, இப்போது அவன் ஊருக்குள் காலையெல்லாம் ஓட்டுகிற வேகத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஜூனில் வந்தபோது அதையும் மெல்லத்தான் சொன்னான். சொல்லும்போது இடது கைவிரல்களைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, வெய்ன் பார்க்கறது இந்த விரல்லதான். கண்ணுக்குத் தெரியாது, தொட்டாத்தான் தெரியும். வயசானவங்களுக்கெல்லாம் நூல் மாதிரி இருக்கும். 'கிங்ஸ்லியையே அனுப்புங்க'ன்னு போன் பண்ணிக் கேப்பாங்க அண்ணா எங்க லேப்ல." பெருமையைச் சொல்லிவிட்டுக் கூச்சப்பட்டான். "இப்பக் கொஞ்ச நாளா லேட் ஆகுது தேடறதுக்கு."

அப்போது சொல்லியிருக்கலாம். பாலன் பின்னாளில் எத்தனையோ தடவை அந்த இடத்துக்குப் போய் நின்றார். கடையில் யாரும் இல்லை. டீ வேறு சொல்லியிருந்தார். வாயைத் திறந்தால் போதும். ஆனால் இப்போது சொன்னால் மார்ச்சில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். ஏப்ரலில் ஏன் குண்டு மாட்டினாய் என்று வரும். விற்ற சரக்கைத் தானே குறை சொல்கிற வியாபாரி எந்த முகத்தோடு கல்லாவில் உட்காருவான்? அந்த இரண்டு நிமிடத்தில் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்பதை நினைத்தால் அவருக்கே பிறகு வெட்கமாக இருந்தது. ஹேண்டில் குழாய்க்குள் ஈயக் குண்டுகளை நிரப்பி, பிடிமானத்துக்கு அடியில் ரப்பர் வளையம் வைத்து, நாலில் ஒரு பங்கு விலையைத் தானாகவே குறைத்து அனுப்பினார்.

அதன் பிறகு கிங்ஸ்லி வரவில்லை. வாடிக்கையாளர் வரவில்லையென்றால் பிரச்சினை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்வது கடைக்காரர்களின் பழக்கம். பாலனும் எடுத்துக்கொண்டார்.

செப்டம்பரில், தசராவுக்கு ஊர் வெள்ளையடித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். உதறல் கைக்கு ஏறாமல் இருக்க ஜெல் வைத்த கையுறை இருக்கிறதா என்று கேட்டாள். பாலன் எடுத்துப் போட்டார். விலை சொன்னார்.

"ஏன் அண்ணா, கூடவே கையும் தர்றீங்களா?"

பாலனுக்கு உச்சி குளிர்ந்தது. எத்தனை நாள் ஆகிறது இப்படி ஒரு குரலைக் கேட்டு!

"ஏம்மா, தையலைப் பாருங்க. இது தோலு."

"தோலா? ஆட்டுக்குத் தெரிஞ்சா கேஸ் போடும். எங்கம்மா தேவராஜ மார்க்கெட்ல முப்பது வருஷம் காய்க்கடை போட்டவங்க. எனக்கு ரேட் சொல்றப்ப பாத்துச் சொல்லுங்க." பாதிக்கும் கீழே கேட்டாள்.

பாலன் வாடகையை இழுத்தார். அவள் தன் பள்ளிக்கூடத்தில் ஆறு மாதமாக இன்க்ரிமெண்ட் போடாததை இழுத்தாள். அவர் அஷ்வினியை இழுத்தார். அவள் தன் வீட்டு யூ.கே.ஜி. பெண்ணை இழுத்தாள். நாலடி நடந்தாள், ஐந்தாவது அடியில் திரும்பினாள். டீ வந்தது. பாலன் முகம் மலர்ந்து, உடம்பெல்லாம் லேசாகி, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது.

"நெசத்தச் சொல்லட்டுங்களா, அம்மிணி? கையுறையெல்லாம் ஏமாத்து. எந்த வண்டி?"

வண்டியைச் சொன்னாள். வீட்டுக்காரர் வண்டி, பின்னால் ஐஸ் பெட்டி கட்டியிருக்கும், உங்கள் கடையில்தான் எல்லாம் மாட்டியது என்றாள்.

"அட, நம்ம கிங்ஸ்லி வண்டியா! அதுக்கு ஒண்ணுமே வேண்டாமுங்க. முன்னாடி இஞ்சின் போல்ட் தளர்ந்து கெடக்கு, புஷ்ஷு போயிருச்சு. பக்கத்துல தொட்டையன்கிட்ட விட்டா ஒரு மணி நேரம்..."

டீ டம்ளர் அவள் கையில் அப்படியே நின்றது.

"வண்டி இங்க இல்லையே அண்ணா," என்றாள். "பாக்காமலே சொல்றீங்க."

பாலன் வாயை மூடினார். மூடி என்ன பயன்.

"எப்பப் பாத்தீங்க?"

அவள் டம்ளரைக் கல்லாவின் மேல் வைத்தாள். அவள் பெயர் ஷாரன். அதற்குப் பிறகு அவள் பேசியதில் பேரம் இல்லை, சத்தமும் இல்லை. ஜூலையில் குவெம்புநகரில் ஒரு பாட்டியம்மாவுக்குக் கிங்ஸ்லி நாலு இடத்தில் குத்தியிருக்கிறான். கை நீலம் பாரித்துவிட்டது. மகன் லேபுக்குப் போன் செய்து திட்டினான். அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் அதேபோல. மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது, இரண்டு கையிலும், இடது மோசம் என்றார் டாக்டர். உணர்ச்சி திரும்பலாம், மாதக் கணக்கில் ஆகலாம், முழுசாகத் திரும்பும் என்று எழுதித் தர முடியாது என்றார். லேபில் அவனை உட்கார வைத்து ட்யூபில் லேபிள் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை அவனுக்கு ஒரு சோதனை. பத்துப் பேருக்கு ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். முடிந்தால் பழைய வேலை. முடியாவிட்டால் கடைசிவரை லேபிள்தான்.

"வீட்ல வந்து உங்களப் பத்தி என்ன சொல்வாரு தெரியுமா? 'ஒரு அண்ணா இருக்காரு, நாம கேக்காமலே வெல கொறைப்பாரு'ன்னு." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். "நான் அவர்கிட்ட இதச் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

கையுறை கல்லாவின் மேலேயே கிடந்தது.

பாலன் எழுந்து பக்கத்து ஷெட்டுக்குப் போனார்.

"தொட்டையா, மார்ச்ல அந்த ஐஸ் பெட்டி வண்டி வந்துச்சே. நீ பாத்தே தானே?"

"பாத்தேனுங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

தொட்டையன் ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். "உங்க கடையில நின்ன வண்டிங்க அது." ஸ்பேனரை ஆணியில் மாட்டிவிட்டு, "மூணு தடவ வந்துச்சு. மூணு தடவையும் பாத்தேன். கூட்டியாங்க, போட்டுக் குடுத்தர்றேன்," என்றார். அவர் பாலன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

சனிக்கிழமை மதியம் வரச் சொல்லிப் பாலன் போன் செய்தார். எதற்கு என்று கிங்ஸ்லி கேட்கவில்லை. வந்தான். தொட்டையன் பழைய போல்ட்டை உருவினார், புதிய புஷ் அடித்தார், ஓட்டை தேய்ந்த இடத்தில் சரியான வளையம் போட்டு முறுக்கினார். பாலன் தன் கையாலேயே எடைக் குண்டுகளைக் கழற்றினார், ஈயத்தைக் கொட்டினார், தடித்த கிரிப்பை உரித்து மெல்லிய பழைய மாதிரியை மாட்டினார். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கிய வேலை ஒரு மணிக்கு முடிந்தது. மார்ச்சில் பாலன் பார்த்தவுடனே மனசுக்குள் கணக்குப் போட்ட அதே ஒரு மணி நேரம்.

சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குப் பாலன் ஒரு திட்டம் வைத்திருந்தார். முதலில் சரக்கைக் காட்டிவிட வேண்டும். வண்டி பட்டுப்போல ஓடுவதைக் கண்ட சந்தோஷத்தில் இருக்கும்போது விஷயத்தைச் சொன்னால் அடி கொஞ்சம் மெதுவாக விழும். மனுஷன் திருந்த வந்த நேரத்திலும் வியாபாரியாகத்தான் வந்திருந்தார்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் போட்டு, நாற்பது காட்டும்வரை முறுக்கச் சொன்னார். "இப்பப் பாரு தம்பி. கைய வெச்சுப் பாரு."

கிங்ஸ்லி இரண்டு கையையும் வைத்தான். முறுக்கினான். முள் நாற்பதைத் தொட்டது, நாற்பத்தைந்துக்குப் போனது, திரும்பி வந்தது. அவன் தலையைச் சாய்த்து, ஏதோ தூரத்துச் சத்தத்தைக் கேட்பவன் மாதிரி கவனித்தான். பிடியை இறுக்கினான், தளர்த்தினான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எனக்குப் போன வாரமும் இப்படித்தான் அண்ணா இருந்துச்சு. இப்பவும் இப்படித்தான் இருக்கு." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான். "நின்னுருச்சா? நீங்க வெச்சுப் பாத்துச் சொல்லுங்க."

பாலன் தன் உள்ளங்கையை ஹேண்டிலில் வைத்தார். ஓடுகிற வண்டி என்றே தெரியவில்லை. வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்த மாதிரி இருந்தது. அந்த அசையாத இரும்பைப் பிடித்துக்கொண்டு, கட்டி வைத்த திட்டமெல்லாம் எங்கே போனதென்று தெரியாமல் நின்றார்.

"நின்னுருச்சு," என்றார். "மார்ச்லயே நிறுத்தியிருக்கலாம் தம்பி. நீ மொத நாள் வந்தப்பவே போல்ட்டப் பாத்துட்டேன்."

கிங்ஸ்லி முறுக்கிய கையை விட்டான். இஞ்சின் தணிந்தது.

"மொத நாளேவா?"

"மொத நாளே."

"ஹௌதா," என்றான், மெல்ல. அப்படியா என்று கேட்கிற சொல். ஆனால் அவன் கேட்கவில்லை.

நீ பேரமே பேசலையே தம்பி, பேசியிருந்தா சொல்லியிருப்பேனே என்ற வாக்கியம் பாலனின் நாக்கு நுனிவரை வந்தது. அது நிஜமும்கூட. அங்கே நின்று பார்த்தபோதுதான் அதை ஒரு மனிதனிடம் சொல்ல முடியாது என்று தெரிந்தது. விழுங்கினார்.

"நான் 'என்ன பண்ணலாம் அண்ணா'ன்னு கேட்டேனே," என்றான் கிங்ஸ்லி. கோபம் இருந்திருந்தால் பாலனுக்கு உதவியாக இருந்திருக்கும். அவன் குரலில் இருந்தது குழப்பம்தான். "அதுக்கு மேல எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியல அண்ணா."

தொட்டையன் ஷெட்டுக்குள் போய் எதையோ தேடுகிற சாக்கில் அங்கேயே நின்றுகொண்டார். சாலையில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பாலன் கல்லாவைத் திறந்தார். வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று காலையில் எண்ணி ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். எடுத்து நீட்டினார். கிங்ஸ்லி அதைப் பார்த்தான். வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏதோ ஒன்றின் விலையாக அது தன்முன் நீட்டப்படுகிறது என்பதே அவனுக்குப் பிடிபடாத மாதிரி இருந்தது. நீட்டிய கை வலித்துப்போய்ப் பாலன் கவரை மறுபடி உள்ளே வைத்தார்.

"திங்கட்கிழமை டெஸ்டு," என்றான் கிங்ஸ்லி, யாரிடமோ சொல்வது போல. "பத்துப் பேருக்கு எடுக்கணும்."

"எடுத்துருவே தம்பி. இனி உதறல் இல்லேல்ல."

சொல்லி முடிப்பதற்குள் பாலனுக்கே தன் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கிங்ஸ்லி ஹெல்மெட்டை மாட்டினான். வண்டியைத் தள்ளிச் சாலைக்குக் கொண்டுவந்து ஏறி உட்கார்ந்தான். கிளம்பும் முன் குனிந்து தன் இடது கையைப் பார்த்தான். விரல்கள் கிளட்ச் கம்பியின் மேல் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, விலகியிருந்த ஒன்றை வலது கையால் எடுத்து வைத்துவிட்டு, மெதுவாகக் கியர் போட்டான்.